ஆழ்விளிம்புக் காபன் சில்லுகள்: விலையும் பெறுமதியும்

ஒரு பண்டத்தின் விலை அதன் பயனை அளந்து காட்டுவதில்லை என்பது அரசியற் பொருளாதாரத்தின் பாலபாடங்களுள் ஒன்று. ஆயினும் சந்தையிலே பண்டத்தின் எதிரில் நிற்கும்பொழுது அப்பாடத்தை எம்மிற் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றோம். விலை கூடியது நம்பகமானதாகவும் விலை குறைந்தது ஐயத்துக்கு உரியதாகவும் தோன்றுகின்றது. இதற்கு நேர்மாறான கருத்தொன்றும் அண்மைக் காலத்திற் பரவி வருகின்றது. எல்லாம் ஒரே தொழிற்சாலையிலிருந்துதான் வருகின்றன, பெயருக்குத்தான் காசு என்பது அக்கருத்து. முற்போக்கானது போலத் தொனிக்கும் இக்கூற்றுப் பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாது அதனை நம்பி நடப்பவர் பணத்தை மாத்திரமன்றிச் சில வேளைகளிற் பல்லையும் எலும்பையும் இழக்க நேரிடும். பந்தயச் சைக்கிளுக்குரிய ஆழ்விளிம்புக் காபன் சில்லு என்னும் பண்டத்தை எடுத்துக்கொண்டு இவ்விரு கருத்துகளையும் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குறைந்த செலவில் அத்தகைய சில்லைத் தெரிவுசெய்பவர் எதனைப் பார்க்க வேண்டும், எதனைப் புறக்கணிக்கலாம் என்னும் நடைமுறை வினாவினூடாகவே கோட்பாட்டு வினாவையும் அணுகுவோம்.

இப்பண்டத்தைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. ஒரே தோற்றமும் ஏறத்தாழ ஒரே நிறையும் கொண்ட ஒரு சோடிச் சில்லு ஓரிடத்தில் 500 டொலருக்கும் இன்னோரிடத்தில் 3000 டொலருக்கும் விற்கப்படுகின்றது. கறுப்பு நிறத்தில், வழவழப்பாக, உள்ளே இருப்பதை வெளியே காட்டாது அது நிற்கின்றது. மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்தில் விளக்கிய பண்ட மாயைக்கு இதனிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு எளிதிற் கிடைக்காது.

சாதாரண அலுமினிய றிம்மின் ஆழம், அதாவது ரயர் பொருந்தும் விளிம்பிலிருந்து சில்லின் மையத்தை நோக்கிய அதன் உயரம், 20 முதல் 25 மி.மீ. வரையில் இருக்கும். இது 40 மி.மீட்டரைத் தாண்டும்போது ஆழ்விளிம்பு எனப்படுகின்றது. சந்தையில் மிகுதியாகக் காணப்படுபவை 45 முதல் 60 மி.மீ. வரையிலானவை. உருளும் சில்லொன்றின் உச்சிப்பகுதி சைக்கிளின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் முன்னோக்கிச் செல்கின்றது. எனவே ரயரும் ஆரக்கம்பிகளும் காற்றைக் குழப்புவதால் உண்டாகும் தடை அவற்றின் அளவுக்கு மிஞ்சியதாக அமைகின்றது. றிம்மை ஆழமாக்கினால் ஆரக்கம்பிகள் குறுகுகின்றன. ரயரைத் தாண்டி வரும் காற்றும் றிம்மின் பக்கங்களைத் தழுவி ஒழுங்காகப் பிரிந்து செல்கின்றது. அவ்வளவு ஆழமான றிம்மை அலுமினியத்திற் செய்தால் நிறை ஏறிவிடும் என்பதனாலேயே காபன் இழை இடம்பெறுகின்றது.

வரலாற்று முறையில் நோக்கின், ஆழ்விளிம்பு ஒரு சமரசமே. எடி மேர்க்ஸ் 1972இல் மெக்சிக்கோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓடிச் சாதனை நிலைநாட்டியபோது அவரது சைக்கிளிற் கம்பிச் சில்லுகளே இருந்தன. 1984 ஜனவரியில் பிரான்செஸ்கோ மோசர் அதே நகரத்தில் முதலில் 50.808 கி.மீட்டரும் நான்கு நாள்களின் பின் 51.151 கி.மீட்டரும் ஓடினார். அவர் பயன்படுத்தியவை கம்பியே இல்லாத முழுத்தட்டுச் சில்லுகள். ஆயின் திறந்த வீதியிலே பக்கக்காற்று வீசும்போது முழுத்தட்டு முன்சில்லைக் கட்டுப்படுத்துதல் இயலாது. கம்பிச் சில்லுக்கும் முழுத்தட்டுக்கும் நடுவே கண்டறியப்பட்ட இடைவழிதான் ஆழ்விளிம்பு.

இனி, வாங்குபவர் முதலில் எழுப்ப வேண்டிய வினா எந்தச் சில்லு என்பதன்று. சில்லு வேண்டுமா என்பதே. விளம்பரங்கள் ஒருபோதும் எழுப்பாத வினா இது. காற்றை எதிர்க்கத் தேவையான வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகின்றது. ஓட்டுநரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ எனவும், ஓட்டுநர் ஓரளவு குனிந்து ஓடுபவர் எனவும் கொண்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்திற் காற்றுக்கு மாத்திரம் ஏறத்தாழ 260 உவாற்று செலவாகும். 25 கி.மீ. வேகத்தில் அது 65 உவாற்று அளவுக்கு இறங்கிவிடும். நல்ல ஆழ்விளிம்புச் சில்லொரு சோடி 40 கி.மீ. வேகத்தில் 12 உவாற்று மீதப்படுத்துகின்றது என்று வைத்துக்கொள்வோம். அதே சோடி 25 கி.மீ. வேகத்தில் மீதப்படுத்துவது 3 உவாற்று மாத்திரமே.

இதனோடு ரயரை ஒப்பிட்டுப் பார்த்தல் பயன்தரும். தடித்த மலிவான ரயரொன்றின் உருளற் குணகம் 0.006 என்றும் நல்ல பந்தய ரயரினது 0.004 என்றும் கொண்டு கணக்கிட்டால், மேற்கூறிய 80 கிலோ நிறைக்கு 25 கி.மீ. வேகத்தில் 11 உவாற்றும் 40 கி.மீ. வேகத்தில் 17 உவாற்றும் மீதமாகின்றன. சில்லிலும் மிகக் குறைந்த செலவிற் கிடைக்கும் ரயர், இவ்விரு வேகங்களிலும் சில்லைவிடக் கூடுதலாக உதவுகின்றது. தனியே 25 கி.மீ. வேகத்தில் ஓடுபவருக்கு நாம் கூறக்கூடியது தெளிவு: ரயரை மாற்றுங்கள், சில்லுக்குரிய பணத்தைப் பையில் வைத்திருங்கள். கூட்டமாக 35 கி.மீட்டருக்கு மேல் ஓடுவோர், நேரப் பந்தயங்களில் ஈடுபடுவோர், போட்டியிலே சில செக்கன்களுக்காகப் பாடுபடுவோர் ஆகியோருக்கே ஆழ்விளிம்பு உண்மையான பயன்பெறுமதி உடையது.

நிறை பற்றிய பேச்சும் இவ்வாறே மிகைப்படுத்தப்பட்டுள்ளது. சில்லுகள் 400 கிராம் குறைந்தால் 80 கிலோ மொத்தத்தில் அது இருநூற்றில் ஒரு பங்கு. நாற்பது நிமிட மலையேற்றத்தில் அதனாற் கிட்டும் இலாபம் கூடியது 12 செக்கன். சுழலும் நிறை இரட்டிப்பாகக் கணக்கிடப்படும் என்பர். அது வேகமெடுக்கும்போது மாத்திரமே பொருந்தும். அப்போதும் இரு மடங்குக்கு மேற்படாது. 50 மி.மீ. ஆழமுள்ள, டிஸ்க் பிறேக்குக்குரிய நல்ல சோடியொன்று 1400 முதல் 1600 கிராம் வரை நிறுக்கும். இதனிலும் மிகக் குறைந்த நிறையை மிகக் குறைந்த விலையில் வழங்குவதாக ஒருவர் கூறின், எந்த இடத்தில் இழையைக் குறைத்தார் என்று கேட்பது பொருத்தம்.

இழையைப் பற்றிப் பேசுவதாயின் உற்பத்தியைப் பற்றிப் பேச வேண்டும். 1960களின் தொடக்கத்தில் யப்பானிய விஞ்ஞானி அக்கியோ சிந்தோ, பொலிஅக்கிறிலோநைத்திரைல் எனப்படும் செயற்கை நூலிலிருந்து காபன் இழையைப் பெறும் வழியைக் கண்டறிந்தார். 1971இல் டோறே கொம்பனி அதனை வாணிப முறையில் உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. நூல் முதலில் 200 முதல் 300 பாகை சதம வெப்பத்திற் காற்றிலே பதப்படுத்தப்படுகின்றது. பின்னர் 1000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஒட்சிசன் இல்லாத சூழலிற் காபனாக்கப்படுகின்றது. கிடைக்கும் இழையின் தடிப்பு ஏழு மைக்குறோமீற்றர் அளவே. இதுவரையில் யாவும் பாரிய இயந்திரங்களின் வேலை. இதன் பின்னரே மனிதக் கை வருகின்றது.

எப்பொக்சிப் பிசின் ஊட்டப்பட்ட காபன் துணி, பிசின் முன்கூட்டியே இறுகிவிடாதவாறு குளிரறையில் வைக்கப்பட்டிருக்கும். அதனைக் குறித்த கோணங்களில் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக, இழையின் திசை பிசகாது அச்சினுள்ளே கையால் அடுக்க வேண்டும். ஒரு றிம்முக்குப் பல பத்துத் துண்டுகள் தேவைப்படும். அச்சு மூடப்பட்டு, உள்ளிருந்து அழுத்தம் கொடுக்கப்பட்டு, சூளையில் வேகவைக்கப்படும். பின்னர் துளையிடலும் தேய்த்தலும் நடைபெறும். தேய்க்கும்போது எழும் நுண்தூசு தோலையும் சுவாசத்தையும் உறுத்துவது. காபன் சில்லு வானூர்திக் காலத்துப் பண்டமாக விளம்பரப்படுத்தப்பட்டாலும், அதன் உயிர்நாடியான வேலை, நெசவு போன்ற கைவினையே. சில்லு உடையாது நிற்பதும் உடைவதும் அக்கையின் தேர்ச்சியிலும், அதற்கு வழங்கப்படும் நேரத்திலுமே பெரிதும் தங்கியுள்ளன.

அக்கைகள் பெரும்பாலும் சீனாவின் பூஜியான் மாகாணத்துச் சியாமென் நகரத்திலும் அதனைச் சூழவுள்ள பகுதிகளிலும் இருக்கின்றன. 1980இல் நிறுவப்பட்ட முதல் நான்கு விசேட பொருளாதார வலயங்களுள் சியாமெனும் ஒன்று. நீரிணைக்கு அப்பாலுள்ள தாய்வானிலிருந்து மூலதனமும் தொழில்நுட்பமும் அங்குச் சென்றன. தாய்வானுக்கு அவை வந்த கதையும் அறியத்தக்கது. சிக்காகோவின் ஷ்வின் சைக்கிள் தொழிற்சாலைத் தொழிலாளர் 1980இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கொம்பனி உற்பத்தியைத் தாய்வானின் ஜயன்ற் கொம்பனியை நோக்கி நகர்த்திற்று. 1972இல் மற்றவர்களுக்காகச் சைக்கிள் செய்யும் ஒப்பந்தக்காரராகத் தோன்றிய ஜயன்ற், 1981இல் தன் சொந்தப் பெயரிலும் விற்கத் தொடங்கிற்று. ஷ்வின் 1992இல் முறிவடைந்தது. தொழிலாளியின் குரலிலிருந்து தப்பியோடிய மூலதனம் தனது போட்டியாளனைத் தானே வளர்த்துவிட்டது.

சில்லின் பின்னே மறைந்திருக்கும் உழைப்பு புதிய சங்கதியன்று. 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயருக்கு உரிமம் பெற்றதையடுத்து எழுந்த சைக்கிள் மோகமே இறப்பர்த் தேவையைத் திடீரெனப் பெருக்கிற்று. கொங்கோவில் லியோபோல்ட் மன்னனின் ஆட்சி இறப்பருக்காக இழைத்த கொடுமைகள் உலகறிந்தவை. ஈழத்திலே 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட நாற்றுகள், களுத்துறையிலும் கேகாலையிலும் தோட்டங்களாகி, தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பினால் ஐரோப்பியச் சில்லுகளுக்கு ரயராயின. புறநானூற்றுத் தாயொருத்தி வீரனை உருவாக்குவோர் வரிசையிலே கொல்லனுக்கும் ஓரிடம் அளித்தாள். இன்றைய விளம்பரத்திலே பந்தய வீரன் இருக்கின்றான், காற்றுச் சுரங்கம் இருக்கின்றது. கொல்லன் மாத்திரம் இல்லை.

விலையுயர்ந்ததை வாங்கினால் உழைப்பாளிக்கு நீதி கிடைக்கும் என்னும் நல்லெண்ணத்துக்கும் ஆதாரமில்லை. 2025 செப்ரெம்பரில் ஐக்கிய அமெரிக்கச் சுங்கத்துறை, தாய்வானில் ஜயன்ற் தயாரித்த சைக்கிள்களையும் உதிரிப்பாகங்களையும் தடுத்துவைக்கும் ஆணையொன்றைப் பிறப்பித்தது. புலம்பெயர் தொழிலாளர் கடன்பிணைப்பு உள்ளிட்ட வலுக்கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டனர் என்பதே காட்டப்பட்ட காரணம். உலகின் மிகப் பெரிய, மிக மதிக்கப்படும் சைக்கிள் உற்பத்தியாளருள் ஒருவரைப் பற்றிய ஆணை இது. புதிதாக எடுக்கப்படும் தொழிலாளரின் முகவர் கட்டணத்தைத் தானே ஏற்பதாக அக்கொம்பனி கூறியது. அமெரிக்கச் சுங்கத்துறையின் நோக்கங்களில் வர்த்தகப் போட்டியும் கலந்திருக்கலாம். அதற்காகக் கடன்பட்டுக் கடல்கடந்து வந்த தொழிலாளியின் நிலை பொய்யாகிவிடாது.

இப்பின்னணியிலே 500 டொலருக்கும் 3000 டொலருக்கும் இடையிலான வேறுபாட்டைப் பகுத்து நோக்கலாம். மூலப்பொருளும் உழைப்பும் ஒரு பகுதி. வடிவமைப்பு, சோதனை, குறைபாடுள்ளவற்றைக் கழித்தொதுக்குதல், பின்னர் பழுதேற்பட்டாற் பொறுப்பேற்றல் ஆகியன இரண்டாம் பகுதி. பந்தய அணிகளுக்கு வழங்கும் பணம், விளம்பரம், இறக்குமதியாளரினதும் கடைக்காரரினதும் இலாபம், பெயருக்குரிய வாடகை ஆகியன மூன்றாம் பகுதி. ஐக்கிய அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலே சொந்தமாக றிம்களைச் செய்துவந்த என்வி போன்ற கொம்பனிகளின் விலையில் அந்நாட்டுக் கூலியும் சேர்கின்றது என்பதையும் நேர்மைக்காகக் குறிப்பிட வேண்டும். மலிவாக வாங்குவதென்பது மூன்றாம் பகுதியை வெட்டுவது. இரண்டாம் பகுதியையும் சேர்த்து வெட்டிவிடுவதே பலர் படும் இடர்.

'எல்லாம் ஒரே தொழிற்சாலை' என்னும் கூற்றின் குறைபாடும் இங்கேதான் உள்ளது. சியாமெனில் யாரும் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய பொது அச்சுகள் உண்டு; வெவ்வேறு பெயர்களில் ஒரே அச்சின் றிம்கள் விற்கப்படுவதும் உண்மை. ஆயின் அச்சு தருவது வெளி வடிவத்தையே. உள்ளே எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில், எவ்வகைப் பிசின், ஆரக்கம்பித் துளைகளைச் சுற்றி எவ்வளவு மேலதிக இழை, காற்றுக்குமிழ் எவ்வளவு சிக்கியுள்ளது என்பன அச்சினால் தீர்மானிக்கப்படுவதில்லை. இலக்கிய மாணவர்க்கு விளங்கும்படி கூறின், ஒரே வெண்பா யாப்பிற் பாடியதனால் எல்லாரும் புகழேந்தியாகிவிடுவதில்லை. றிம்மின்மேற் பெரிதாக அச்சிடப்படும் ரி700, ரி800 என்னும் குறியீடுகளும் அதிகம் கூறுவதில்லை. அவை டோறேயின் இழைத்தரங்கள். ரி800 இழை ரி700 இழையிலும் விறைப்பானது. விறைப்பானது யாவும் அடியைத் தாங்குவதில் மேலானது என்று கொள்ள முடியாது. இழையின் பெயரை அறிவிப்பவர்கள் பிசினின் பெயரை அறிவிப்பது அரிது.

பிசின் பற்றிய அக்கறை ஏன் வேண்டும் என்பதை பிறேக் காட்டும். பழைய முறையில், றிம்மின் பக்கங்களை இறப்பர்க் கட்டைகள் அழுத்திச் சைக்கிளை நிறுத்துகின்றன. 80 கிலோ நிறை 8 சதவீதச் சரிவிலே 40 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் இறங்க வேண்டுமாயின், காற்றும் ரயரும் உறிஞ்சுவது போக ஏறத்தாழ 400 உவாற்று வெப்பம் இடைவிடாது றிம்மினுள் இறங்கும். அலுமினியம் அதனை உடனே பரப்பிக் காற்றிற் கரைத்துவிடும். காபனும் பிசினும் சேர்ந்த சுவரில் வெப்பம் ஓரிடத்திலே தேங்குகின்றது. குறித்த வெப்பநிலைக்கு மேற் பிசின் இளகத் தொடங்க, ரயரின் அழுத்தம் சுவரை வெளியே தள்ளுகின்றது, அடுக்குகள் பிரிகின்றன. வெப்பம் தாங்கும் பிசின் விலை கூடியது. ஆகவே றிம் பிறேக் உடைய சைக்கிளுக்கு மலிவான முழுக்காபன் சில்லு வாங்குவதை நாம் எவருக்கும் பரிந்துரையோம். மலைச்சரிவுகள் உள்ள இடங்களிலே அது முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டியது. அத்தகையோர் அலுமினியப் பிறேக் தடத்தின்மேற் காபன் ஆழ்விளிம்பு பொருத்தப்பட்ட கலப்புச் சில்லுகளை நாடலாம். நிறை சற்றுக் கூடும், காற்றுக்கு அதே பயன்.

டிஸ்க் பிறேக் இந்நிலைமையை மாற்றிற்று. சர்வதேசச் சைக்கிளோட்டச் சம்மேளனம் 2018 யூலை முதல் வீதிப் பந்தயங்களில் அதனை முழுமையாக அனுமதித்தது. நிறுத்தும் வெப்பம் றிம்மைவிட்டு எஃகுத் தட்டுக்குச் சென்றதும், மலிவான றிம்மின் மிகப் பெரிய அபாயம் நீங்கிற்று. இன்று மலிவான காபன் சில்லுகளை நாம் அமைதியாகப் பேசக்கூடியதாக இருப்பது பெரிதும் இதனாலேயே.

ஆயினும் ஒரு வாயில் அடைபட மற்றொன்று திறந்துள்ளது. றிம்மின் உட்பக்கத்திலே ரயரின் கரையைப் பிடித்து வைக்கும் சிறு கொக்கி வடிவம் முன்னர் பெரும்பாலான றிம்களில் இருந்தது. கொக்கியை வார்ப்பதற்குச் சிக்கலான அச்சும் மிகுதியான கைவேலையும் வேண்டும். கொக்கியற்ற நேர்ச்சுவரை வார்ப்பது இலகு; கழிவும் குறைவு. உற்பத்தியாளருக்குச் செலவு குறைந்த இம்மாற்றம் சந்தையிலே ஓட்டுநருக்குக் கிடைத்த முன்னேற்றமாக அறிமுகமாயிற்று. சுவர் நேராக இருப்பதால் அடியைத் தாங்கும் வலிமை கூடுகின்றது என்பதில் உண்மை உண்டு. ஆனால் வீதிச் சைக்கிளுக்குரிய கொக்கியற்ற றிம்மில் ரயரின் அழுத்தம் 5 பாரைத் தாண்டலாகாது. ரியூப் இல்லாத வகையைச் சேர்ந்த, கொக்கியற்ற றிம்முக்கென உறுதி கூறப்பட்ட ரயர்களையே பூட்டலாம். 2024 பெப்ரவரியில் ஐக்கிய அரபு எமிரேற்ஸ் சுற்றோட்டத்திலே பெல்ஜிய வீரர் தோமஸ் டி ஹென்ற் விழுந்தபோது அவரது ரயர் கொக்கியற்ற றிம்மைவிட்டுக் கழன்று கிடந்தது. கல்லொன்றில் மோதியதே காரணம் என ரயர் உற்பத்தியாளர் கூறினர். ஓட்டவீரர் சங்கத்தின் தலைவர் அடம் ஹன்சன் கொக்கியற்ற றிம்களுக்கு எதிராகக் குரல் எழுப்பினார். தம் உடலைப் பணயம் வைத்து ஓடும் தொழிலாளரின் சங்கம் என்ற வகையில் அதன் கருத்துக்கு உற்பத்தியாளரின் கருத்திலும் கூடிய நிறை உண்டு என்பதே எமது எண்ணம். மலிவாக வாங்குவோர் கொக்கியுள்ள றிம்மையே கேட்டு வாங்குதல் நன்று. காற்றடிக்கும்போது நேரும் சிறு தவறு அதிற் பெருவிபத்தாக மாறும் வாய்ப்புக் குறைவு.

ஆழம் பற்றி நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. முன்சில்லின் ஆழம் கூடக்கூடப் பக்கக்காற்றுக் கைபிடியைத் திருப்பும் விசையும் கூடும். நிறை குறைந்த ஓட்டுநருக்கு முன்னே 40, பின்னே 50 மி.மீ. போதுமானது, மற்றையோருக்கு இரண்டும் 50 ஆகலாம். போட்டியாளர்கள் 2026 ஜனவரி முதல் கூட்டமாக ஓடும் வீதிப் பந்தயங்களுக்கு 65 மி.மீ. என்னும் உச்சவரம்பு விதிக்கப்பட்டுள்ளதையும் மனங்கொள்ள வேண்டும். ஆழத்திலும் அகலமே முக்கியம். முன்னாட் சில்லுகள் ஒடுங்கி, ஆப்பு வடிவில் இருந்தன. காற்றுச் சற்றுக் கோணலாக வந்ததும் அவற்றின் பயன் குலைந்தது. றிம்மின் வெளி அகலம் ரயரின் உண்மையான அகலத்திலும் குறைந்தது 5 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்னும் விதி, பொறியியலாளர் ஜோஷ் போட்னரின் பெயரோடு வழங்குகின்றது. 28 எனக் குறிக்கப்பட்ட ரயர் அகன்ற றிம்மிலே 30 மி.மீ. ஆகப் பரவுமாயின், றிம் 31.5 மி.மீ. அகலமாவது இருத்தல் வேண்டும். விற்பனைக்குரிய பட்டியலில் இந்த ஓர் எண்ணைப் பார்த்தாலே பழைய அச்சுகளை விற்றுத்தீர்க்க முயல்வோரை இனங்கண்டுகொள்ளலாம்.

பெருந்தேரின் ஓட்டம் சிறிய அச்சாணியிலே தங்கியிருப்பதை வள்ளுவர் உவமையாக்கினார். மலிவான சில்லிலே முதலில் நோய்ப்படுவதும் றிம் அன்று. ஹப் எனப்படும் அச்சுக்குடமே. அதனுள் இருக்கும் குண்டுப்போதிகை எங்கும் கிடைக்கும் பொது அளவுடையதா, பற்சக்கரத்தைப் பிடிக்கும் பொறிமுறைக்கு உதிரிப்பாகம் தனியே விற்கப்படுகின்றதா என்று வினவ வேண்டும். சுவிற்சர்லாந்தின் டி.ரி. சுவிஸ் செய்யும் 350 வகை அச்சுக்குடம் அழகற்றது, சற்றுக் கனமானது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பெயர் தெரியாத அச்சுக்குடத்துடன் வரும் சில்லிலும் இதனுடன் வரும் சில்லுக்கு நூறு, நூற்றைம்பது டொலர் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவன்று. ஆரக்கம்பிகள் தலையில் வளைந்த பழைய வகையாக இருந்தாற் சாதாரண திருத்தகத்திலும் மாற்றலாம். காபனிலேயே செய்யப்பட்ட ஆரக்கம்பிகள் இப்போது நாகரிகமாகியுள்ளன. தூரத்து ஊரொன்றில் ஒரு கம்பி முறிந்தால் அதற்கு மாற்றுத் தேடுவது யார்? டிஸ்க் சில்லுக்கு முன்பின் 24 கம்பிகள் வழமை. நிறை மிக்கோர் 28 கேட்கலாம். பற்சக்கரத் தொகுதி ஷிமானோவினதா, ஸ்ராமினதா, கம்பனியோலோவினதா என்பதற்கேற்ப உடலைத் தெரிவுசெய்வதும், அச்சுத்தண்டின் அளவு சைக்கிளுக்குப் பொருந்துகின்றதா என்று பார்ப்பதும் சொல்லாமலே விளங்கும்.

இனி யாரிடம் வாங்குவது? இரண்டாம் பகுதிச் செலவை யார் செய்துள்ளார் என்பதை அறிவதே இவ்வினாவின் சாரம். சம்மேளனம் தனது அடிதாங்கும் சோதனையிலே தேறிய சில்லுகளின் பட்டியலைப் பொதுவில் வெளியிடுகின்றது. குறித்த மாதிரியின் பெயர் அதில் இருக்கின்றதா என்று பார்க்கலாம். இருந்தால் அது குறைந்தபட்சத் தகுதி, சிறப்புத் தகுதியன்று. சியாமெனின் லைற் பைசிக்கிள், வின்ஸ்பேஸ் போன்றவை தமது பெயரிலேயே நேரடியாக விற்கின்றன. இங்கிலாந்தின் ஹன்ற் போன்றவை வடிவமைப்பையும் உத்தரவாதத்தையும் தம் நாட்டில் வைத்துக்கொண்டு ஆசியாவிற் செய்விக்கின்றன. இத்தகையோரிடம் 600 முதல் 1200 டொலர் வரையில் நம்பத்தக்க சோடியைப் பெறலாம். பெயரை மறைக்காதவன் பொறுப்பையும் எளிதில் மறைக்க முடியாது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதோடு, விழுந்து உடைந்தால் றிம்மைக் குறைந்த விலைக்கு மாற்றித் தருவார்களா, திருப்பியனுப்பும் கூலி யாருடையது, சுங்கவரி எவ்வளவு என்பனவற்றையும் கூட்டிப் பார்த்தபின்னரே மலிவு எது என்பது தெரியவரும்.

ஒதுக்கப்பட வேண்டியவை போலிகள். புகழ்பெற்ற பெயர் ஒட்டப்பட்டு, அப்பெயருக்குரிய விலையிற் பத்திலொரு பங்குக்கு விற்கப்படும் சில்லுகளைச் சொல்கின்றோம். ஏகபோகத்தின் பெயர்வாடகையை ஏய்த்துவிட்டதாக மகிழ்பவர், அப்பெயருக்கே அடிமைப்பட்டு, அது இல்லாத பொருளில் அதனைத் தேடியவராகின்றார். செய்தவன் யார் என்பது அழிக்கப்பட்ட சில்லில் எவரும் எதற்கும் பொறுப்பில்லை. பழையன வாங்குவதும் இவ்விடத்திற் கடினமே. அலுமினியம் அடிபட்டால் வளைந்து தன் காயத்தைக் காட்டும். காபன் உள்ளே பிளந்து, வெளியே பளபளத்து நிற்கும். பிளந்த றிம்மை உருக்கி மீண்டும் வார்க்கவும் இயலாது. இறுகிய எப்பொக்சி மறுபடி இளகித் திரவமாவதில்லை.

சில்லு வந்து சேர்ந்ததும் ரயர் பூட்டுமுன் சிறிது நேரம் செலவிடல் வேண்டும். சைக்கிளில் மாட்டிச் சுழற்றி, பக்கவாட்டில் ஆடுகின்றதா என நோக்குக. ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலாற் சுண்டினால் ஏறத்தாழ ஒரே சுருதி கேட்க வேண்டும். பின்சில்லின் இரு பக்கங்களும் வெவ்வேறு சுருதியில் ஒலிப்பது இயல்பு. றிம்மைச் சுற்றிலும் நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டு வருகையில் ஓரிடத்தில் ஒலி மழுங்கினால் அவ்விடத்தை ஐயுறுக. கம்பித் துளைகளின் ஓரத்தில் வெடிப்போ வெண்கோடோ தென்பட்டால் அப்படியே பொதிந்து திருப்பியனுப்புவதே வழி. முதல் 100, 200 கி.மீ. ஓடியபின் கம்பிகளை மீண்டும் ஒருமுறை திருத்தகத்திலே சரிபார்ப்பித்தல் வேண்டும். ரயரிலும் றிம்மிலும் அச்சிடப்பட்டுள்ள அழுத்த எண்கள் இரண்டும் வேறுபடுமாயின், குறைந்த எண்ணையே எல்லையாகக் கொள்ள வேண்டும்.